விடை சொல்லும் கருவியும் வினாக் கேட்கும் மனமும்

சென்ற ஆண்டு நடந்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் ஒரு தந்தை எழுந்து நின்றார். "டீச்சர், என் மகள் கேட்டாள் என்று ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் கொடுத்து ஒரு சயின்டிஃபிக் கால்குலேட்டர் வாங்கிக் கொடுத்தேன். கணக்கு வகுப்பில் அதைப் பைக்குள் வை என்கிறீர்களாம். அப்படியானால் அதை வாங்கியது எதற்கு?" என்று கேட்டார். மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. அது அடங்குமுன் இன்னொரு மூலையிலிருந்து ஒரு தாய், "ஏழெட்டு ஐம்பத்தாறுக்குக்கூட இந்தப் பிள்ளைகள் பொத்தானை அமுக்குதுங்க டீச்சர். அந்த மெஷினைப் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே விடாதீங்க" என்றார். இருவருக்கும் கைதட்டல் கிடைத்தது. நேரம் குறைவாக இருந்ததால் நான் இரண்டே வாக்கியங்களில் பதில் சொல்லி அமர்ந்துவிட்டேன். அன்று சொல்லாமல் விட்டதை இந்த ஆண்டு மலரில் எழுத வாய்ப்புக் கிடைத்திருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். கால்குலேட்டர் நம் மாணவியரின் கைக்கு வரத்தான் வேண்டும். ஆனால் அது கணக்கின் கடைசிப் படியில் வரவேண்டும். அதற்கு முந்திய படிகள் எல்லாம் மாணவியின் மனத்துக்கும் எழுதுகோலுக்கும் உரியவை. பன்னிரண்டாம் வகுப்பு வணிகக் கணிதத்தில் வரும் நிகழ்தகவுப் பரவல் என்னும் பாடம் இதை நமக்கு நன்றாக உணர்த்துகிறது. ஏனெனில் இந்தப் பாடத்தில் கூட்டலிலும் பெருக்கலிலும் தவறுகிறவர்கள் குறைவு. எதைப் பெருக்குவது, பெருக்கலாமா கூடாதா என்பதில் தவறுகிறவர்களே அதிகம்.

கணக்கிடும் இயந்திரமும் நிகழ்தகவுக் கணிதமும் ஒரே மனிதரின் சிந்தனையில் வளர்ந்தவை என்பது உங்களுக்குத் தெரியுமா, மாணவியரே? பிரான்சு நாட்டில் 1623-ஆம் ஆண்டு பிறந்த பிளேஸ் பாஸ்கல்தான் அவர். அவருடைய தந்தை ரூவான் நகரில் வரித்துறை அதிகாரி. வரிக் கணக்குகளைக் கூட்டிக் கூட்டிக் களைத்த தந்தையின் சுமையைக் குறைக்க எண்ணிய மகன், 1642-இல், தம் 19-ஆம் வயதில், பற்சக்கரங்களால் இயங்கும் ஒரு கூட்டல் இயந்திரத்தை அமைக்கத் தொடங்கினார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1654-இல், ஃபெர்மா என்னும் கணித மேதையோடு கடிதங்கள் வழியாக ஒரு கேள்வியை ஆராய்ந்தார். இருவர் பணயம் வைத்து ஆடிய ஆட்டம் பாதியில் நின்றுபோனால், அந்தப் பணத்தை இருவருக்கும் எப்படி நியாயமாகப் பங்கிடுவது? இந்தக் கேள்வியிலிருந்துதான் இன்றைய நிகழ்தகவுக் கணிதம் முளைத்தது. அதே ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் இரவில் அவர் பெற்ற ஆன்ம அனுபவம் அவரது வாழ்வை இறைவன்பால் திருப்பியது. அவருடைய தங்கை ஜாக்குலின் அதற்கு முன்பே, 1652-இல், துறவு மடத்தில் சேர்ந்திருந்தார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கூட்டல் இயந்திரம் செய்த அதே பாஸ்கல், பணயப் பங்கீட்டுக் கேள்விக்கு இயந்திரத்தை நாடவில்லை. இன்னும் என்னென்ன நடந்திருக்கக்கூடும் என்று ஒவ்வொரு வழியையும் எண்ணிப் பார்த்தார். யாருக்கு எவ்வளவு உரியது என்று சிந்தித்தார். கூட்டலும் பெருக்கலும் அதற்குப் பிறகுதான் வந்தன.

இனி நம் பாடத்துக்கு வருவோம். மற்ற வகுப்பு மாணவியருக்காகவும் பெற்றோருக்காகவும் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு செயலில் என்னென்ன விளைவுகள் வரலாம், ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று பட்டியலிட்டுக் காட்டுவதே நிகழ்தகவுப் பரவல். மொத்த வாய்ப்பு எப்போதும் 1. அதை ஒரு படி அரிசி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு படி அரிசி எந்தெந்தப் பாத்திரத்தில் எவ்வளவு விழுந்திருக்கிறது என்று சொல்வதுதான் பரவல். எல்லாப் பாத்திரங்களையும் திரும்பக் கொட்டி அளந்தால் சரியாக ஒரு படி வரவேண்டும்.

தேர்வுக்குப் படிக்காத ஒரு மாணவி இருக்கிறாள். (நம் பள்ளியில் அல்ல!) நான்கு விடைகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஒரு மதிப்பெண் வினாக்கள் பத்து. அவள் செபமாலையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு பத்துக்கும் குறியிடுகிறாள். ஐந்தோ அதற்கு மேலோ சரியாக அமைவதற்கு வாய்ப்பு என்ன? இது ஈருறுப்புப் பரவல். கையால் செய்தால் காற்பங்கையும் முக்காற்பங்கையும் பல அடுக்குகளுக்கு உயர்த்தி, சேர்மான எண்களால் பெருக்கி, உறுப்பு உறுப்பாகக் கூட்ட வேண்டும். மடக்கை அட்டவணையோடு உட்கார்ந்தால் அரை மணி நேரம் ஆகலாம். பரவல் பகுதி உள்ள கால்குலேட்டரில் அரை நிமிடம் போதும்.

ஆனால் அந்த அரை நிமிடத்தில்தான் என் மாணவியர் பலர் தடுக்கி விழுகிறார்கள். கருவியில் இரண்டு வகைக் கணக்குகள் உண்டு. ஒன்று, சரியாக ஐந்து என்பதற்கான வாய்ப்பு. மற்றொன்று, பூச்சியத்திலிருந்து ஐந்து வரை எல்லாம் சேர்ந்த திரள் வாய்ப்பு. வினாவில் ஐந்து என்று இருப்பதைக் கண்டதும் 5-ஐத் தட்டித் திரள் வாய்ப்பாக 0.9803 என்று பெற்று, அதை 1-இலிருந்து கழித்து 0.0197 என்று எழுதுகிறாள் ஒருத்தி. அது ஆறோ அதற்கு மேலோ என்பதற்கான விடை! "ஐந்தோ அதற்கு மேலோ" என்றால், விலக்க வேண்டியது நான்கு வரை உள்ள வாய்ப்பு. அதாவது 0.9219. கழித்தால் 0.0781. நூற்றுக்கு எட்டு கூட இல்லை. பத்தும் சரியாக அமைய வாய்ப்போ 10,48,576-இல் ஒன்று. (ஆகவே செபத்தோடு படிப்பும் தேவை என்பது கணக்காலும் நிரூபணமாகிறது!) இரண்டு விடைகளையும் கருவி ஒரே வேகத்தில், ஒரே தெளிவான எழுத்தில்தான் காட்டும். நீ கேட்க நினைத்ததும் நீ கேட்டதும் வேறு வேறு என்று அது உன்னை எச்சரிக்காது.

இன்னொரு நிகழ்ச்சி. இயல்நிலைப் பரவல் பற்றிய ஒரு கணக்கை வகுப்பில் கொடுத்திருந்தேன். ஒரு தேர்வில் 500 பேர், சராசரி 60, திட்ட விலக்கம் 10, எண்பதுக்கு மேல் பெற்றவர்கள் ஏறத்தாழ எத்தனை பேர்? கேஸியோ 991 வரிசையின் பழைய கருவிகளில் இதற்காகப் பி, க்யூ, ஆர் என்று மூன்று சார்புகள் உண்டு. பி என்பது வளைவின் இடக்கோடியிலிருந்து நாம் குறிப்பிடும் இடம் வரையுள்ள பரப்பு. க்யூ என்பது நடுக்கோட்டிலிருந்து அந்த இடம் வரை. ஆர் என்பது அந்த இடத்திலிருந்து வலக்கோடி வரை. நாம் வகுப்பில் பயன்படுத்தும் அட்டவணை தருவது நடுக்கோட்டிலிருந்து அளந்த பரப்பு, அதாவது க்யூ. இங்கே எண்பது என்பது சராசரிக்கு மேல் இரண்டு திட்ட விலக்கங்கள். க்யூ தருவது 0.4772, பி தருவது 0.9772, நமக்கு வேண்டிய ஆர் தருவது 0.0228.

கெட்டிக்கார மாணவி ஒருத்தி முதலில் எழுந்தாள். "489 பேர் மிஸ்!" என்றாள். பி-யை அமுக்கியிருந்தாள். நான் ஒன்றும் சொல்லாமல் கரும்பலகையில் மணி வடிவ வளைவை வரைந்து, நடுவில் 60 என்றும் வலப்புறம் தள்ளி 80 என்றும் குறித்தேன். "சராசரியே அறுபதாக இருக்கும் தேர்வில் ஐந்நூறு பேரில் 489 பேர் எண்பதைத் தாண்டுவார்களா அம்மா?" என்று கேட்டேன். அவளே சிரித்துவிட்டாள். சரியான விடை 11. அந்த வளைவை அவள் முதலிலேயே கிறுக்கலாகவேனும் வரைந்திருந்தால், வால்பகுதி மெலிந்திருப்பதைக் கண்ணே காட்டியிருக்கும். புதிய கருவிகளில் பரவலுக்கென்றே தனிப் பகுதி உண்டு. சராசரியையும் திட்ட விலக்கத்தையும் நேராகக் கொடுக்கலாம். அங்கேயும், கணக்கில் மாறுபாடு 100 என்று கொடுத்திருக்க, அதன் வர்க்கமூலத்தை எடுக்காமல் 100-ஐயே திட்ட விலக்கமாகத் தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்போது வரும் விடை 210 பேர். கருவி தலையசைக்கும், மணி வளைவு மறுக்கும்.

வகுப்பறைத் தவறுகளால் போவது இரண்டு மதிப்பெண்கள்தான். ஆனால் வாழ்க்கையில் இதே கணக்கு இதைவிடப் பெரிய இடங்களுக்குப் போகிறது. பச்சிளங் குழந்தைகளைப் பற்றிய இரண்டு கணக்குகளைச் சொல்கிறேன். ஒன்றில் பெருக்குவது சரி. ஆனால் மக்கள் அதை நம்புவதில்லை. மற்றொன்றில் பெருக்குவது தவறு. ஆனால் அதை நம்பினார்கள்.

முதற்கணக்கு நம் தெருவிலேயே இருக்கிறது. மூன்றும் பெண்ணாகப் பிறந்த வீட்டில், "நாலாவது ஆணாகத்தான் இருக்கும், எத்தனை தடவைதான் பெண்ணே வரும்?" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். நான்கு குழந்தைகளும் பெண்ணாக அமையும் வாய்ப்பு, பிறப்புகள் தொடங்குமுன் பார்த்தால், ஏறத்தாழ பதினாறில் ஒன்று. அரையை நான்கு முறை பெருக்கினால் அது வரும். (இயற்கையில் 100 பெண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 105 ஆண் குழந்தைகள் பிறப்பதால் உண்மை வாய்ப்பு இதைவிடச் சற்றுக் குறைவு.) ஆனால் மூன்று பெண்கள் பிறந்துவிட்ட பிறகு, நான்காவது பெண்ணாக இருக்கும் வாய்ப்பு பதினாறில் ஒன்றன்று, மறுபடியும் ஏறத்தாழ அரைதான். ஒரு பிறப்பு முந்திய பிறப்பை நினைவில் வைத்திருப்பதில்லை. இதைத்தான் நம் பாடம் சார்பற்ற நிகழ்ச்சிகள் என்கிறது. குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தந்தையிடமிருந்து வரும் குரோமோசோமே தீர்மானிக்கிறது என்பதையும் அறிவியல் வகுப்பில் படிக்கிறோம். இருந்தும் பழி சுமக்கிறவள் தாய். 1994-ஆம் ஆண்டிலேயே கருவில் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. அப்படியும் 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஆறு வயதுக்குட்பட்டோரில் 1000 ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 920 பேர்கூட நம் நாட்டில் இல்லை. கோடிக்கணக்கான குழந்தைகளை எண்ணிப் பெற்ற அந்த எண்ணிக்கையைத் தற்செயல் என்று எந்தப் பரவலும் ஒப்புக்கொள்ளாது. அது மனிதக் கைகளின் வேலை. பெண்கள் பள்ளியில் படிக்கும் நாம் இந்தக் கணக்கைப் போடத் தெரிந்திருக்க வேண்டாமா?

இரண்டாவது கணக்கு இங்கிலாந்தில் நடந்தது. சாலி கிளார்க் என்னும் பெண் வழக்கறிஞரின் முதல் மகன் 1996-இல் பிறந்து சில வாரங்களில் இறந்தான். இரண்டாவது மகனும் 1998-இல் பிஞ்சு வயதில் இறந்தான். தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் கைக்குழந்தைகள் இறந்துபோவது அரிதாக நடக்கும் ஒன்று. ஆனால் இரண்டு முறை நடந்ததால் தாயின்மீதே கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. 1999-இல் நடந்த விசாரணையில் பெயர்பெற்ற குழந்தை மருத்துவப் பேராசிரியர் ஒருவர் சாட்சி சொன்னார். இப்படிப்பட்ட வசதியான, புகைபிடிக்காத குடும்பத்தில் ஒரு குழந்தை அவ்வாறு இறக்க வாய்ப்பு 8,543-இல் ஒன்று; ஆகவே இரண்டு குழந்தைகள் இறக்க வாய்ப்பு 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று என்றார்.

உங்கள் கால்குலேட்டரை எடுத்து 8,543-ஐ 8,543-ஆல் பெருக்கிப் பாருங்கள். 7,29,82,849 வரும். பெருக்கலில் பிழையே இல்லை! பிழை, பெருக்கியதில்தான். ஒரே தாய் தந்தையருக்குப் பிறந்து ஒரே வீட்டில் வளர்ந்த இரண்டு குழந்தைகளுக்குப் பொதுவாக எத்தனையோ உண்டு. பரம்பரையாக வரும் குறை இருக்கலாம், சூழ்நிலை இருக்கலாம். முதற்குழந்தையைப் பறித்த காரணம் இரண்டாவதையும் தேடி வந்திருக்கலாம். அவை சார்பற்ற நிகழ்ச்சிகள் என்று யாரும் நிரூபிக்கவில்லை. அப்படி வைத்துக்கொண்டு பெருக்கிவிட்டார்கள்.

இன்னொரு பிழையும் அதில் ஒளிந்திருந்தது. இப்படி நடப்பது மிக அரிது என்பதை, இவள் குற்றமற்றவளாக இருப்பது மிக அரிது என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். கேரள லாட்டரியில் முதற்பரிசு விழுவதும் மிக அரிதுதான். அதற்காகப் பரிசு விழுந்தவரைத் திருடர் என்று பிடித்து அடைப்போமா? ஆண்டுக்கு ஆறேழு லட்சம் குழந்தைகள் பிறக்கும் நாட்டில் அரியவையும் எங்கோ ஒரு வீட்டில் நடக்கத்தான் செய்யும். ஒரு தாய் தன் இரண்டு குழந்தைகளையும் கொல்வதும் மிக மிக அரிது அல்லவா? இரண்டு அரியவற்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் நீதி.

அந்தத் தாய்க்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அந்த எண்ணுக்குப் புள்ளியியல் அடிப்படை இல்லை என்று 2001-இல் இங்கிலாந்தின் அரச புள்ளியியல் கழகம் வெளிப்படையாக அறிவித்தது. இரண்டாவது குழந்தையின் உடலில் தொற்று இருந்ததைக் காட்டும் சோதனை முடிவுகள் மறைக்கப்பட்டிருந்ததும் பின்னர் வெளிவந்தது. 2003 சனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. மூன்றாண்டுகளுக்கு மேல் சிறையில் கழிந்திருந்தன. அந்தத் துயரத்திலிருந்து அவர் மீளவே இல்லை. 2007-இல், தம் 42-ஆம் வயதில் காலமானார். பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு தாயின்மீது, ஒரு பெருக்கல் இவ்வளவு பாரத்தை ஏற்றியது. வியாகுல அன்னையின் திருவுருவத்தின்முன் நிற்கும்போதெல்லாம் எனக்கு இவர் நினைவு வருவதுண்டு.

இரண்டு கணக்கிலும் பொத்தான்கள் ஒன்றே. பெருக்கல் குறியும் ஒன்றே. ஒன்று ஒரு தாயைப் பழியிலிருந்து காப்பாற்றியிருக்கும்; மற்றொன்று ஒரு தாயைச் சிறைக்கு அனுப்பியது. எது எங்கே பொருந்தும் என்று தீர்மானிக்க வேண்டியது மனிதர்தான். அதனால்தான், "முதலில் பைக்குள் வை" என்கிறேன்.

அப்படியானால் கருவியே வேண்டாமா? வேண்டும் என்பதே என் துணிவு. நம் மாநிலப் பொதுத்தேர்வு மண்டபத்துக்குள் கால்குலேட்டருக்கு நெடுங்காலம் இடமில்லாமல் இருந்தது என்பது உண்மை. ஆனால் பொறியியல் கல்லூரிக்குப் போனால் அது மேசைமேல் இருக்கும். அங்கே முதல் நாளே அதைத் திருத்தமாகக் கையாளும் மாணவியர் முன்னால் நம் பிள்ளைகள் விழித்துக்கொண்டு நிற்கலாகாது. மேலும், உறுப்பு உறுப்பாகப் பெருக்கியே களைத்துப்போன மாணவிக்கு, வந்த விடை பொருந்துமா என்று யோசிக்க வலிமை மிஞ்சுவதில்லை. உழைப்பைக் கருவி ஏற்றுக்கொண்டால் யோசனைக்கு நேரம் கிடைக்கும். பாஸ்கல் தம் தந்தைக்குச் செய்ததும் அதுதானே?

ஆகவே என் வகுப்பில் நான் கடைப்பிடிக்கும் முறையை இங்கே வைக்கிறேன். பொத்தானைத் தொடுமுன் மாணவி தன் சொந்தத் தமிழில் எழுத வேண்டும்: நான் எண்ணப்போவது எதை? முயற்சிகள் எத்தனை? ஒன்று மற்றொன்றைப் பாதிக்குமா? "குறைந்தது", "அதிகபட்சம்", "மேல்" என்ற சொற்களில் எது வினாவில் இருக்கிறது? பிறகு ஒரு படம் வரைந்து, விடை பாதிக்கு மேலா கீழா என்று ஊகிக்க வேண்டும். அதன்பின் கருவி. விடை வந்தபின் அதை ஒரு முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும்: "ஐந்நூறு பேரில் ஏறத்தாழ 11 பேர்" என்பதுபோல. வாக்கியம் கேட்பதற்கு அபத்தமாக இருந்தால் கணக்கும் அபத்தமாகத்தான் இருக்கும்.

அருட்சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். சட்டைப்பையில் அடங்கும் முதல் அறிவியல் கால்குலேட்டர் 1972-இல் அமெரிக்காவில் 395 டாலர் விலையில் வந்தது. இன்று விலை வெகுவாக இறங்கியிருந்தாலும், கூலி வேலைக்குச் செல்லும் பெற்றோருக்கு ஆயிரம் ரூபாய் சிறு தொகையன்று. வாங்க இயலாத மாணவி வாங்கியவளின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக் கற்கும் நிலை நம் பள்ளியில் வேண்டாம். கணித அறையில் ஒரு பத்துக் கருவிகளைப் பொதுவில் வாங்கி வைத்தால், இருவருக்கு ஒன்றாக எல்லாரும் பழகலாம். இருவர் சேர்ந்து ஒரு கருவியைப் பயன்படுத்தும்போது, "ஏன் அதை அமுக்கினாய்?" என்று கேட்க ஒரு தோழியும் பக்கத்தில் இருப்பாள். அது பத்துக் கருவிகளைவிட மேலானது.

அன்று கேள்வி கேட்ட அந்தத் தந்தைக்கு இப்போது சொல்கிறேன்: உங்கள் பணம் வீண்போகவில்லை, ஐயா. உங்கள் மகள் அதைப் பையிலிருந்து எடுப்பாள்; என்ன கேட்பது என்று தீர்மானித்த பிறகு எடுப்பாள். கருவியே வேண்டாம் என்ற அந்தத் தாய்க்கும் சொல்கிறேன்: வாய்ப்பாட்டை நீங்கள் வீட்டில் விடாமல் கேளுங்கள், அம்மா. ஏழெட்டு ஐம்பத்தாறு என்று தெரிந்தவளுக்குத்தான் கருவி தப்பாகத் தட்டப்பட்டதும் தெரியும்.

மாணவியரே, நாளை உங்களில் சிலர் மருத்துவமனையில், வங்கியில், நீதிமன்றத்தில், அரசு அலுவலகத்தில் அமர்ந்திருப்பீர்கள். யாரோ ஒருவர் ஓர் எண்ணைக் காட்டி, "கணக்கே சொல்லிவிட்டது" என்பார். எதிரே ஓர் ஏழைத் தாய் நின்றிருக்கக்கூடும். அப்போது, "இவற்றைப் பெருக்கலாமா?" என்று துணிந்து கேட்கும் ஒரே குரல் உங்களுடையதாக இருக்கலாம். அந்தத் துணிவையும் தெளிவையும் இறைவன் உங்களுக்கு அருள்வாராக!